முகம் மாறிய டாக்டர்

1966-ம் ஆண்டு. பிபிசி தொலைக்காட்சிக்கு ஒரு சிக்கல். 1963 நவம்பர் 23-ல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காலத்தைக் கடந்து பயணம் செய்யும் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நிலை சரியில்லை. வசனங்கள் மறந்து போயின. தொடரை நிறுத்துவதா? வேறு ஒருவரை நடிக்க வைத்து, ஒன்றுமே நடக்காதது போல் இருந்துவிடுவதா?

இரண்டும் இல்லை! டாக்டர்தான் வேற்றுக்கிரகவாசி ஆயிற்றே, உடல் தளர்ந்தால் புது உடல் எடுக்கட்டுமே என்று முடிவு செய்தார்கள். அக்டோபர் 29 அன்று டாக்டர் கீழே விழுந்தார். ஹார்ட்னெல்லின் முகம் மறைந்து பேட்ரிக் ட்ரவுட்டனின் முகம் தெரிந்தது.

நவம்பர் 5-ல் அடுத்த கதை. ரசிகர்களின் சந்தேகத்தைக் கதையே கேட்டது. உடன் பயணித்த பென், இவர் டாக்டர்தானா என்று நம்ப மறுத்தான். பாலி நம்பினாள். கடைசியில் அவரைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது யார் தெரியுமா? பழைய எதிரியான டாலெக்!

ட்ரவுட்டன் ஹார்ட்னெல்லைப் போல நடிக்க முயலவில்லை. முந்தையவர் சிடுசிடுப்பான கிழவர். இவரோ புல்லாங்குழல் ஊதும் குறும்புக்காரர். அவர் 1969-ல் விலகியபோது, அடுத்தவர் வருவது யாருக்கும் புதிராக இல்லை.

தொடர் பிழைத்தது. ஹார்ட்னெல்? 1972 டிசம்பரில் தொடங்கிய 'மூன்று டாக்டர்கள்' கதைக்காகத் திரும்பி வந்தார். நோயால் மற்றவர்களோடு நின்று நடிக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே, ஒரு திரைக்குள்ளிருந்து, தன் இடத்துக்கு வந்த இருவருக்கும் யோசனை சொன்னார். 1975-ல் காலமானார்.