மோக்லி முதல் குட்டி பீம் வரை



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்றார்கள். பல்லவர், சோழர் என்று ஏதாவது எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது கார்ட்டூன். சிரிக்க வேண்டாம், இதிலும் வரலாறு இருக்கிறது.

1993-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் 'ஜங்கிள் புக்' வரும். திருவள்ளூர் பக்கத்தில் டி.வி. இருந்த வீட்டில் தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் கூடிவிடுவோம். "டேய், ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்புடா!" என்று ஒருத்தர் மாடியைப் பார்த்துக் கத்துவார். பேச்செல்லாம் இந்தி. எங்களில் ஒருத்தனுக்கும் புரியாது. ஆனால் முகப்புப் பாட்டு ஆரம்பித்தால் போதும், வார்த்தை தெரியாமலே கூடப் பாடுவோம்.

அந்தத் தொடர் நம் நாட்டில் வரைந்தது அல்ல என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-ல் தொடங்கிய 52 பகுதித் தொடர் அது. அங்கே அதற்கு வேறு முகப்புப் பாட்டு. இங்கே வந்தபோது குல்சார் புதிதாக எழுத, விஷால் பரத்வாஜ் இசையமைத்தார். வரைந்த படம் அதேதான், பாட்டு மட்டும் புதிது. அதனாலேயே மோக்லி நம்ம வீட்டுப் பையன் ஆனான். 2016-ல் டிஸ்னியின் 'ஜங்கிள் புக்' திரைப்படம் வந்தபோது, இந்திப் பதிப்பின் விளம்பரத்துக்கு அந்தப் பழைய பாட்டைத்தான் மறுபடி தேடி எடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 'டாம் அண்ட் ஜெர்ரி' 1940-ல் பிறந்தது. ஹன்னா, பார்பெரா இருவரும் இயக்க, ஸ்காட் பிராட்லி இசையமைத்தார். எலி ஓடினால் பியானோவும் ஓடும், பூனை விழுந்தால் வாத்தியமும் சேர்ந்து விழும். பேச்சு அநேகமாகக் கிடையாது, இசைதான் வசனம். 1957-ல் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை மூடியது. பிறகு 1961, 62-ல் ஜீன் டெய்ச் இயக்கத்தில் பிராக் நகரில் 13 படங்கள் தயாராயின. பூனையும் எலியும் பழையவைதான். ஆனால் கோடும் இசையும் எதிரொலிக்கும் சத்தங்களும் வேறு. இன்றைக்குப் பார்க்கும் பிள்ளைகூட, "இது நம்ம டாம் இல்லையே!" என்று சொல்லிவிடும். 1963-ல் சக் ஜோன்ஸ் கைக்கு வந்தபோது புருவமும் மாறியது, இசையும் மறுபடி மாறியது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கிய 'சோட்டா பீம்' 2008-ல் போகோ சேனலில் தொடங்கியது. தோலக்பூர், லட்டு, சண்டை, நிறையப் பேச்சு. தட்டையான 2டி படம். 2019-ல் அதே பீம் நெட்ஃபிளிக்ஸில் தவழும் குழந்தையாக வந்தான். இப்போது உருண்டு திரண்ட 3டி உருவம். பெரிய மாற்றம் அது அல்ல, வசனத்தையே எடுத்துவிட்டார்கள். மழலையும் சிரிப்பும் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் இசையின் பொறுப்பு. தீபாவளி, ஹோலி, பட்டம் விடும் திருவிழா என்று தனிப் பகுதிகளும் வந்தன. பேச்சைக் கழற்றிய பிறகு மொழிபெயர்ப்பே இல்லாமல் கடல் தாண்டிப் போனான் பீம்.

இது எனக்குப் புரிந்தது கும்மிடிப்பூண்டியில். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு குடியிருப்பு. ஆந்திர எல்லை அருகே என்பதால் தெலுங்கு உண்டு. வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களும் உண்டு. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே செல்போனில் குட்டி பீம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. ஆனால் நாலும் ஒரே நொடியில் சிரித்தன. 1993-ல் நாங்கள் இந்தி புரியாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்களை உள்ளே கூப்பிட்டது பாட்டு ஒன்றுதான், மற்றபடி வாசலில் நின்றுதான் பார்த்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு வாசலே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். படத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம், அது யாருடையது என்று முடிவு செய்வது இசை. இன்று கணினியும் கீபோர்டும் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைகளே, நம்ம ஊர்ப் பறையும் நாதஸ்வரமும் பேசுகிற ஒரு கார்ட்டூன் தொடர் உங்களிடமிருந்து வரட்டும். அடுத்த சந்திப்பு மலரில் அதன் வரலாற்றை எழுத நான் தயார்!