நடுவுலயே நிக்கிற முள்

பழைய வண்டிகளோட ஆயில் பிரஷர் மீட்டர்னா எனக்கு ஒரு மரியாதை உண்டுங்க. உள்ளே இருப்பது 1849ல் பாரிஸில் யூஜின் பூர்தோன் காப்புரிமை வாங்கிய வளைகுழாய். எஞ்சின் ஆயிலே சன்னமான குழாய் வழியா டேஷ்போர்டு வரை வரும். அழுத்தம் ஏறினா வளைவு நிமிரும், முள் நகரும். குழாய் விட்டுப்போனா சூடான ஆயில் ஓட்டுறவர் காலில்! மின்சார சென்சார் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம்தான் அமெரிக்காவில் அந்தக் கூத்து. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் பிக்கப்பில் (1994-2003) சென்சார் என்று இருந்தது வெறும் சுவிட்ச். ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ தாண்டினா முள் நடுவுல நிக்கும். 10 ஆனாலும் 60 ஆனாலும் அதே இடம்தான் :-)

முள் விழுந்தா முதல்ல சந்தேகப்படுறது இந்தச் சுவிட்சைத்தான். என்னைக் கேட்டா, அதைக் கழட்டின துளையிலேயே நிஜ மீட்டரை மாட்டி அளந்து பார்த்துட்டு புதுசு போடணும். பேரிங் தேய்ஞ்சு அழுத்தம் பாதியா குறைஞ்சிருந்தாலும், புது சுவிட்சும் முள்ளை நடுவுலதான் நிறுத்தும்.