கம்பத்திற்கு ஏது களங்கம்?

"பொம்பளப் பிள்ளை கம்பத்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குறதா? ஊரு சிரிக்காதா சார்?"

ஆவடியை அடுத்து நாம் பணியாற்றும் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டவர் கொடியவர் அல்லர். பழமைப் பித்தரும் அல்லர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் இருபது ஆண்டுகளாக நின்று வேலை செய்யும் தொழிலாளி. மகள் படிக்கவேண்டும், தன்னைப்போல் இரவுப் பணி நேரத்தில் கண் விழிக்கக்கூடாது என்று துடிப்பவர். மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடினால் மகிழ்வார். கபடி ஆடினாலும் தடுக்கமாட்டார். ஆனால் கம்பம் என்றதும் முகம் கறுத்துவிட்டது.

ஏன் கறுத்தது? பேசப்பேச இரண்டு காரணங்கள் வெளிவந்தன. ஒன்று, திரைப்படத்து மதுக்கூடக் காட்சிகளில் பளபளக்கும் எஃகுக் கம்பத்தைச் சுற்றிச் சுழலும் நங்கையை அவர் பார்த்திருக்கிறார். மற்றொன்று, வீட்டிலுள்ள பாட்டி சொல்லிவிட்டாராம், "அது கழைக்கூத்தாடி பண்ற வேலை" என்று. முதற் காரணத்தில் ஒழுக்கம் பேசுகிறது. இரண்டாவதில் சாதி பேசுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு சிறுமியின் காலைக் கட்டுகின்றன. கட்டை அவிழ்க்கவேண்டுமானால், கட்டியது யார், எப்போது என்று பார்க்கவேண்டும் அன்றோ? வரலாற்றைப் புரட்டினோம்.

கழை என்றால் மூங்கில். மூங்கிலை நட்டு, கயிற்றைக் கட்டி, அதன்மேல் நடந்தும் உச்சியில் சுழன்றும் காட்டுவது கழைக்கூத்து. சங்கத் தொகைகளாகிய குறுந்தொகையும் நற்றிணையும் கயிற்றின்மீது ஆடுவோரையும், அவர்க்கு முழங்கும் பறையையும் உவமையாகக் காட்டுகின்றன. பாலை வழியின் காய்ந்த நெற்றொலிக்கும், மலைச்சாரல் ஊரின் காட்சிக்கும் அந்த ஆட்டம் புலவனுக்குப் பயன்பட்டிருக்கிறது. இழிவு என்ற குறிப்பு அங்கே இல்லை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: குறுந்தொகைப் பாட்டில் கயிறாடியவர்கள் ஆரியர் என்றே குறிக்கப்படுகிறார்கள். எனவே, 'உலகுக்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம்' என்று தொடை தட்டுவதற்கு அந்தப் பாட்டு இடம் தரவில்லை. சான்று எதைச் சொல்கிறதோ அதை ஏற்பதுதானே நமது வழக்கம்!

சிலப்பதிகாரத்திற்கு வருவோம். மாதவி ஆடிய பதினோராடலில் மல்லாடலும் உண்டு, மரக்காலாடலும் உண்டு. அவள் அரங்கேறியபோது பெற்ற பட்டம் தலைக்கோல். தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக் காம்பை எடுத்து, மணி இழைத்து, பொன் பூட்டிச் செய்த கோல் அது. பட்டத்து யானையின் துதிக்கையில் கொடுத்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து அரங்கில் வைத்தார்கள். கோலின் அருகே ஒரு பெண் நின்றால் அது பெருமை என்று கருதிய காலமும் இந்த மண்ணில் இருந்திருக்கிறது.

பின்னர் அந்தப் பெருமை எங்கே போயிற்று? ஊர் ஊராகச் சுற்றி வித்தை காட்டிப் பிழைத்தவர்களுக்கு நிலம் இல்லை, கோயில் மானியம் இல்லை, சாதி ஏணியில் நிற்க ஒரு படியும் இல்லை. கையைத் தட்டிய ஊர், இரவு தங்க இடம் தர மறுத்தது. வெள்ளைக்காரன் வந்தான். 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இயற்றினான். 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. நிலையாக ஓரிடத்தில் இராதவன் திருடனாகத்தான் இருப்பான் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. தாயின் வயிற்றிலிருந்தே குற்றவாளி! முற்பிறப்பின் வினை என்று மனு சொன்னதை, பரம்பரை இயல்பு என்று துரைமார் சொன்னார்கள். சொல் மாறியது, சுமை மாறவில்லை. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளில் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பட்டியலிட்டபோது, கம்பமேறிக் கரணமிடும் தொம்பர்களையும் ஏதோ அருங்காட்சிப் பொருளைப்போல் வருணித்து வைத்தார். அந்தச் சட்டம் இந்தியா முழுவதும் ஒழிந்தது 1952-இல். மூன்று ஆண்டு கழித்து, 1955 சனவரியில், நமது ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிசப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் பாடநூலில் ஏறிற்று. கழைக்கூத்தாடியோ கயிற்றிலேயே நின்றார்.

இது பழங்கதை அன்று. சில ஆண்டுகளுக்கு முன் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு குடும்பம் வந்து கூடாரமிட்டிருந்தது. தகப்பன் மேளம் அடிக்க, பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி, கையில் நீண்ட கோலைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கயிற்றில் நடந்தாள். சக்கர விளிம்பொன்றைக் காலில் மாட்டிக்கொண்டும் நடந்தாள். அவளைப் பள்ளியில் சேர்க்க முயன்றோம். "பிறப்புச் சான்று எங்கே, முகவரி எங்கே?" என்றது அலுவலகம். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை எடுத்துக் காட்டி, ஒருவழியாக ஒப்புதல் வாங்கி நாம் திரும்பியபோது, ஏரிக்கரையில் முளை அடித்த குழிகள் மட்டுமே இருந்தன. குடும்பம் போய்விட்டது. பசிக்காகக் கயிறேறும் குழந்தையைக் கண்டு 'ஆகா, கலை!' என்று பாராட்ட நமக்கு மனம் வரவில்லை. அவள் எடை பயின்ற விதமோ, நாம் பட்டம் பெற்ற கல்லூரியில் எவரும் கற்றுத்தராத விதம்.

இனி அதே கம்பத்தின் மற்றொரு பிறவியைக் காணுங்கள்.

மராட்டியத்தில் அதன் பெயர் மல்லகம்பம். நாம் மல்லர் கம்பம் என்கிறோம். மற்போர் வீரன் எதிராளி இல்லாதபோது கட்டிப் புரண்டு பழகிய மரம் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் வழங்கும் மானசோல்லாசத்திலேயே மல்லர்களின் கம்பப் பயிற்சி பேசப்படுகிறது. பின்னர் வழக்கொழிந்ததை, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற ஆசான் மீட்டெடுத்தார். கனவில் அனுமான் தோன்றிக் கற்றுக்கொடுத்தான் என்று ஒரு கதையையும் ஒட்டவைத்திருக்கிறார்கள். குரங்கு மரமேறுவதைக் கண் விழித்துப் பார்த்துக் கற்றார் என்றால் அறிவு ஒப்பும். அதற்கு எதற்குக் கனவு?

அந்தப் பயிற்சிக்கூடத்துக் கம்பம் பெற்ற மரியாதையைப் பாருங்கள். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியிலிருந்து சென்ற குழு இந்திய உடற்பயிற்சி வித்தைகளை அங்கே காட்டியது. 1981-இல் தேசியக் கூட்டமைப்பு தோன்றியது. 2013-இல் மத்தியப் பிரதேசம் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019 பிப்ரவரியில் மும்பையில் உலகப் போட்டியே நடந்தது. 2020-இல் மைய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம் கிடைத்தது. நமது மாநிலத்தில் விழுப்புரம் இதன் விளைநிலமாயிற்று; எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பயின்று பதக்கம் ஏந்தினர். ஏறுவது அதே கம்பம், சுழல்வது அதே உடல். பயிற்சிக்கூடத்தில் ஏறினால் வீரம், தெருமுனையில் ஏறினால் கூத்தாடி!

நம்மவர் சிலர், மாமல்லன் என்று பெயர் பெற்ற நரசிம்ம பல்லவன் காலத்திலேயே மாமல்லபுரத்தில் இது பிறந்தது என்று மேடையில் முழங்குகிறார்கள். மாமல்லன் என்றால் பெரிய மற்போர் வீரன் என்பது உண்மை. பட்டத்தில் மல் இருப்பதால் கம்பமும் இருந்ததாகிவிடுமா? கல்வெட்டைக் காட்டினால் தலைமேல் தாங்குவோம்.

சரி, தந்தையார் கண்ட எஃகுக் கம்பம்? அதுவும் வானத்திலிருந்து மதுக்கூடத்தில் விழுந்ததன்று. சீன வித்தைக்காரர் நெடுங்கம்பம் ஏறித் தாவியது பழைய கலை. இங்கிலாந்தில் வசந்த விழாக் கம்பத்தைச் சுற்றி ஊரே ஆடியது. நமது பின்னல் கோலாட்டத்திற்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். 1644-இல் தூய்மைவாதிகள் நிரம்பிய பாராளுமன்றம், இது அஞ்ஞானிகளின் ஆபாசம் என்று அந்தக் கம்பங்களை வெட்டிச் சாய்க்க ஆணையிட்டது. 1660-இல் மன்னராட்சி திரும்பியதும் கம்பங்களும் திரும்ப நின்றன. பின்னர் வட அமெரிக்காவில், 1980-களில் கனடா நாட்டுக் கேளிக்கை விடுதிகளில் கம்ப ஆட்டம் பரவியது. அங்கே காசுக்கு ஆடிய பெண்களே அதன் நுட்பங்களை வளர்த்தார்கள். அவர்களில் சிலரே பிற பெண்களுக்கு உடற்பயிற்சியாகக் கற்றுக்கொடுத்தார்கள். 2009-இல் பன்னாட்டுக் கூட்டமைப்பு தோன்றிற்று. 2017-இல் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கம் அதற்குப் பார்வையாளர் தகுதி அளித்தது.

"அரைகுறை ஆடை ஏன்?" என்பார்கள். இதற்கு விடை ஒழுக்க நூலில் இல்லை. இயற்பியல் நூலில் இருக்கிறது. மெருகிட்ட எஃகில் துணி வழுக்கும், தோல் பிடிக்கும். உராய்வு இல்லையேல் ஏறியவர் கீழே விழுவார். மல்லர் கம்பத்தில் ஆண் மகன் கோவணத்தோடு ஏறுவதற்கும் அதுதான் காரணம். அவன் தொடையைக் கண்டால் 'பிரம்மசரியம்' என்றும், அவள் தொடையைக் கண்டால் 'ஆபாசம்' என்றும் சொல்லும் கண்ணுக்குத்தான் மருத்துவம் தேவை.

பிறருக்குச் சொல்லுமுன் நாமே ஏறிப் பார்ப்பது நேர்மை என்று கருதி, சென்ற கோடை விடுமுறையில் பூவிருந்தவல்லிப் பக்கத்துத் திடலொன்றில் பயிலச் சென்றோம். தேக்குக் கம்பம், தரைக்குமேல் ஏறத்தாழ இரண்டரை மீட்டர், அடியில் பருத்து, மேலே சிறுத்து, கழுத்தும் குமிழுமாக முடியும். தோல் உரியாமலிருக்க விளக்கெண்ணெய் தடவுவார்கள். தரையில் நின்று பார்த்தபோது, இது ஒரு பொருட்டா என்றுதான் தோன்றியது. பத்து நிமிடத்தில் ஆணவம் இறங்கிற்று! கையால் இழுத்து ஏற முயன்றோம். தோள் நடுங்கியது, மூச்சு முட்டியது, சறுக்கிக்கொண்டு வந்து மெத்தையில் அமர்ந்தோம். உள்தொடை சிவந்தது, புறங்கால் கன்றிப்போயிற்று, மறுநாள் கரும்பலகையில் எழுதக் கை உயரவில்லை. நாலாம் நாள், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் நம் அவலத்தைப் பார்க்கப் பொறாமல் வந்து, "கையை விட்ருங்க சார், கால்ல புடிங்க" என்றான். அவ்வளவுதான் இரகசியம். முழங்காலின் உட்புறமும் தொடையும் கம்பத்தை இறுக்கினால், கை வெறும் துணை. பத்தாம் நாள், தலைகீழாக மூன்று நொடி நின்றோம். மூன்று நொடியில் பூவிருந்தவல்லி முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. சிலவற்றிற்கு அதுவே சரியான நிலையென்றும் பட்டது.

ஆயினும் நமக்கு ஓர் ஐயம் தீரவில்லை. சதிராட்டத்திற்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். அதை ஆடிய குலத்துப் பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமையிலிருந்து மீட்க முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தெருத்தெருவாகப் பேசினார், 1936-இல் புதினமே எழுதினார். 1947-இல் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில், 1932 முதற்கொண்டு, ஆட்டம் மட்டும் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றப்பட்டு, மேட்டுக்குடி மங்கையரின் மேடைக்குக் குடியேறியது. கலைக்குக் கௌரவம் கிடைத்தது. காத்து வந்தவர்களில் பலருக்கோ கலையும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. கம்பத்திற்கும் இன்று கௌரவம் வருகிறது, ஒதுக்கீடு வருகிறது, பதக்கம் வருகிறது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்த அந்தச் சிறுமிக்கு அதில் ஒரு சிறு பங்காவது உண்டா? முகவரி இல்லாதவளை எந்தப் பட்டியல் தேடி வரும்? வருவதற்கு அவள் முதலில் கயிற்றிலிருந்து இறங்கி வகுப்பில் அமரவேண்டும். அமர்ந்தபின், விரும்பினால், வயிற்றுக்காக அன்றி விளையாட்டுக்காக ஏறவேண்டும்.

இத்தனையையும் மாணவியின் தந்தையிடம் சொன்னோமா? பாதிதான் சொன்னோம், மீதியைக் கேட்க அவருக்கு நேரம் இல்லை, பணி நேரம் நெருங்கிவிட்டது. "ஞாயிறு வந்து பாருங்கள்" என்றோம். வந்தார். சிறுவர் சிறுமியர் ஏறி இறங்குவதை ஒரு மணி நேரம் கை கட்டி நின்று பார்த்தார். பயிற்சி ஓய்ந்ததும் கம்பத்தின் அருகே போய், விளக்கெண்ணெய் ஒட்டுமே என்றும் பாராமல், உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினார். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோக்கினார். சாணால் அளந்தார்.

"கழுத்துக்கிட்ட கடைசல் ஒரே சீரா இல்ல சார். இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கணும். பிள்ளைங்களுக்கு அங்கதான உரசும்?"

பயிற்சியாளர் திகைத்து நின்றார். அடுத்த ஞாயிறு உப்புத்தாள் கொண்டுவருவதாகச் சொன்னார் தந்தை. மகளை அழைத்துவருவாரா என்று கேட்டோம். பாட்டியிடம் பேசவேண்டும் என்றார்.