ஓமந்தையில் எழுதின பெயர்கள்

2012 ஜனவரியில் இலங்கை, வெளிநாட்டவருக்கான பயண அனுமதியை இணையவழிக்கு மாற்றியது. கனடாப் பாஸ்போட்டோடு துணுக்காய்க்கு வாற மாமாவின் பெயர், அவர் பிளேன் ஏற முன்னமே கணினியில் ஏறிவிடும்.

ஆனால் எங்களுக்குப் பதிவு என்றால் ஓமந்தைதான். 2002இல் ஏ9 வீதி திறந்தபின், இராணுவத்திடம் ஒருக்கா, புலிகளிடம் ஒருக்கா பெயர் கொடுத்துத்தான் எங்கட சனம் போய்வந்தது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வந்தவர்களையும் அங்கே பதிந்தார்கள். 2015 ஆகஸ்டில் சோதனைச்சாவடியை அகற்றினார்கள். சரணடைந்தோர் பட்டியலைத் தாங்கோ என்று 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியில் குந்தின அம்மாமார் இன்னும் கேட்கினம்.

கடதாசி கணினியாவது நல்லதுதான். எழுதினவரிடமே பதிவு பூட்டிக் கிடந்தால், எழுதப்பட்டவரின் வீட்டுக்கு அதால் என்ன பயன்?