பூட்டி செரோக்கி இளவரசியா? குடும்பக் கதைக்கும் பதிவேட்டுக்கும் இடையில் ஒரு தேடல்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எத்தனையோ வெள்ளையினக் குடும்பங்களில் ஒரே கதை உலவுகிறது: "எங்கட பூட்டி ஒரு செரோக்கி இளவரசி." 2010 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 819,000 பேர் தம்மைச் செரோக்கி வழிவந்தோர் என்று பதிந்தார்கள். செரோக்கி அரசுகளில் அப்போது பதிவு பெற்றிருந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை.

செரோக்கி மக்களிடம் மன்னராட்சி இருந்ததில்லை. ஏழு குலங்கள் இருந்தன. குலம் தாய்வழியே வந்தது. ஆகவே இளவரசிக்கு அங்கே இடமே இல்லை. இப்படி உரிமை கோருபவர்கள் எல்லோரும் ஏன் பாட்டி வழியையே சொல்கிறார்கள் என்று பூர்வீகக் குடி எழுத்தாளர் வைன் டெலோரியா 1969இலேயே கிண்டலாகக் கேட்டிருந்தார். பாட்டனாரைப் போர்வீரராகச் சொன்னால் அச்சம் தருகிறார், இளவரசிப் பாட்டி பெருமை தருகிறார் என்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கதையின் இரண்டாம் பாகம் இப்படி இருக்கும்: "நாடு கடத்த வந்தபோது எங்கட ஆட்கள் மலையில் ஒளித்துவிட்டார்கள். அதனால்தான் பதிவு இல்லை." இதில் ஓர் உண்மை விதை உண்டு. 1835 டிசம்பரில் ஒரு சிறு குழு கையெழுத்திட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தைத் தலைவர் ஜோன் ரொஸ் ஏற்கவில்லை. எதிர்ப்பு மனுவில் 15,000க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அமெரிக்க செனட் ஒரு வாக்கு வித்தியாசத்தில் அதை நிறைவேற்றியது. 1838-39இல் ஏறத்தாழ 16,000 பேர் இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வட கரோலைனா மலைகளில் சிலர் தங்கியதும் மெய்தான். ஆனால் அவர்களும் பதிவேடுகளில் இருக்கிறார்கள். 1848இன் முல்லே பட்டியல், 1851இன் சைலர் பட்டியல், 1924இன் பேக்கர் பட்டியல் எல்லாம் அந்தக் கிழக்குச் செரோக்கியரை எண்ணியவைதான்.

தேடலின் மையம் டாவ்ஸ் பட்டியல். பொதுக் காணியைத் துண்டு துண்டாக்கித் தனியாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக 1898 முதல் 1906 வரை தயாரிக்கப்பட்டது. செரோக்கியர் உட்பட ஐந்து இனங்களுக்குமாக 250,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். 100,000 பேரளவில்தான் ஏற்கப்பட்டார்கள். காணி கிடைக்கும் என்றதும் செரோக்கியத் தொடர்பே இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். ரெட்பேர்ட் ஸ்மித் தலைமையிலான நைட்ஹோக் கீட்டூவா பிரிவினரோ காணிப் பிரிப்பையே எதிர்த்துப் பதிய மறுத்தார்கள். அவர்களிற் பலரை அயலவர் வாக்குமூலத்தைக் கொண்டு அதிகாரிகள் தாமாகவே பதிந்தார்கள். ஆகவே "தாத்தா கையெழுத்துப் போட மறுத்தவர்" என்பது, பெயர் இல்லாததற்குப் போதுமான விளக்கம் ஆகாது.

தேடுபவர் தன்னிலிருந்து பின்னோக்கித்தான் போகவேண்டும். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிகளைக் கொண்டு ஒவ்வொரு தலைமுறையாக இணைத்து, 1900 அளவில் உயிரோடிருந்த மூதாதை வரை செல்லவேண்டும். அவர் அன்று இந்தியப் பிரதேசத்தில், அதாவது இன்றைய கிழக்கு ஒக்லஹோமாவில், வசித்தாரா என்பதே முதற் கேள்வி. அலபாமாவிலோ ஜோர்ஜியாவிலோ இருந்தவரை டாவ்ஸ் பட்டியலில் தேடிப் பயனில்லை. அங்கே வசித்திருந்தால் குடும்ப அட்டையைப் பார்க்கலாம். வயது, பெற்றோர் பெயர், குருதி வீதம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே பெயரில் பலர் இருப்பதால், பெயர் பொருந்தியதும் துள்ளிக் குதிப்பதுதான் இங்கு அதிகம் நடக்கிறது. இடையில் ஒரு பள்ளமும் உண்டு: 1890 குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் பெரும்பகுதி, 1921இல் வோஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு போய்விட்டது.

எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் கையன் மில்லர் விண்ணப்பங்கள். பழைய ஒப்பந்த மீறல்களுக்காக நீதிமன்றம் பத்து இலட்சம் டொலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பளித்ததும், 1906 முதல் 45,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பெற்றோர், பாட்டன், பாட்டி, மாமன், அத்தை என்று எல்லோர் பெயரையும், ஆங்கிலப் பெயரோடு செரோக்கிப் பெயரையும் படிவம் கேட்டது. 90,000 பேரளவில் உரிமை கோரினார்கள். ஏற்கப்பட்டவர்கள் 30,254 பேர். நிராகரிக்கப்பட்டவைதான் சுவையானவை. இன்று சொல்லப்படும் குடும்பக் கதை நூறு வருடத்துக்கு முன் எந்த வடிவில் இருந்தது என்பதைச் சத்தியக்கூற்றாகவே வாசிக்கலாம். அமெரிக்கத் தேசிய சுவடிகள் கூடத்தில் இவை இருக்கின்றன.

மரபணுப் பரிசோதனை குறுக்குவழி அல்ல. 2018இல் செனட்டர் எலிசபெத் வொரன் தன் பரிசோதனை முடிவை வெளியிட்டபோது செரோக்கி தேசம் கடுமையாகக் கண்டித்தது. 2019இல் அவர் மன்னிப்புக் கேட்டார். மரபணு ஒரு தொலைதூர மூதாதையைக் காட்டலாம், எந்த இனம் என்று காட்டாது. செரோக்கி தேசம் குருதி வீதம் கேட்பதில்லை, டாவ்ஸ் பட்டியலில் உள்ள ஒருவரின் நேர் வழித்தோன்றல் என்பதையே கேட்கிறது. ஐக்கிய கீட்டூவா பிரிவு கால்வாசியும், கிழக்குப் பிரிவு பதினாறில் ஒரு பங்கும் கேட்கின்றன.

இடப்பெயர்வில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் காணி உறுதியையும் தொலைத்துவிட்டு, கச்சேரிப் படிகளில் "நான் இன்னார் பிள்ளை" என்று நிரூபிக்க நின்றவர்களுக்கு அடுத்த விடயத்தின் கனம் விளங்கும். பதிவேடு எல்லோருக்கும் நீதியாக இருக்கவில்லை. செரோக்கியரும் ஆபிரிக்க அடிமைகளை வைத்திருந்தார்கள். விடுதலையான அவர்களுக்கு 1866 ஒப்பந்தம் குடியுரிமை தந்தது. டாவ்ஸ் அதிகாரிகளோ அவர்களை வேறு பட்டியலில் எழுதினார்கள். செரோக்கிப் பெற்றோர் இருந்தவர்களுக்கும் அங்கே குருதி வீதம் குறிக்கப்படவில்லை. அந்த வெற்றுக் கட்டத்தைக் காட்டியே பின்னாளில் அவர்களின் பேரப்பிள்ளைகளை வெளியேற்ற முயன்றார்கள். 2017இல் சமஷ்டி நீதிமன்றம் அவர்களுடைய உரிமையை உறுதிசெய்தது. 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றம் "குருதியால்" என்ற சொல்லை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் விண்ணப்பத்தோடு காட்டுவது, அன்று தள்ளிவைத்து எழுதப்பட்ட அதே பட்டியலின் இலக்கத்தைத்தான்.