ஏழையின் ஜி.டி.பி.: ஒரு பேங்க்காரர் போட்ட கணக்கு

பி.காம். படித்துவிட்டு, வருடக்கணக்காய் வடக்கே பேலன்ஸ் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற ஆள் நான். காடு, சூழல் பற்றியெல்லாம் உனக்கென்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் இந்தக் கதையின் நாயகரும் ஒரு பேங்க்காரர்தான்!

முதலில் கொஞ்சம் வரலாறு. 2000-ல் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் விடுத்த அழைப்பில் பிறந்தது, 'மில்லேனியம் சூழல் மதிப்பீடு'. 2001-ல் தொடங்கிய அந்த ஆய்வில் 1,360 நிபுணர்கள் உழைத்தார்கள். 2005-ல் முடிவு வந்தது. தண்ணீர், மீன், மண் என்று இயற்கை நமக்குச் செய்யும் சேவைகளில் 24-ஐ ஆராய்ந்ததில், 15 சீரழிந்துகொண்டிருந்தன. அடி அதிகம் விழுவது ஏழைகள் மேல் என்றும் சொன்னார்கள்.

சரி, நஷ்டம் எவ்வளவு? அதைக் கணக்கிடலாம் என்று 2007-ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் கூடிய ஜி8+5 சுற்றுச்சூழல் அமைச்சர்கள் முன்மொழிந்தார்கள். 'டீப்' என்ற அந்த ஆய்வுக்குத் தலைமை ஏற்றவர் பவன் சுக்தேவ். டாய்ச் வங்கி அதிகாரி, இந்தியர். இந்திய மாநிலங்களுக்குப் பசுமைக் கணக்கு போடும் வேலையில் ஏற்கெனவே இறங்கியிருந்தவர்.

அவர் குழு செய்தது எளிமையான காரியம். வகுக்கும் எண்ணை மாற்றினார்கள். விவசாயம், காடு, மீன்பிடிப்பு மூன்றும் இந்திய ஜி.டி.பி.யில் ஏறக்குறைய 16 சதவீதம்தான். ஆனால் காசு கொடுக்காமல் எடுத்துவரும் விறகு, தீவனம், ஓடைத் தண்ணீரையும் சேர்த்து, ஏழைகளின் வருமானத்தில் மட்டும் இயற்கையின் பங்கைப் பார்த்தால் 47 சதவீதம்! இந்தோனேசியாவில் 75.

யோசித்துப் பாருங்கள். ஒரு காட்டை வெட்டினால், மரம் விற்ற காசு ஜி.டி.பி.யில் வரவு. பக்கத்துக் கிராமத்துக்காரி இழந்த விறகும் தண்ணீரும் எந்தப் பேரேட்டிலும் பற்று ஆவதில்லை. நான் பார்த்த கிராமக் கடன் விண்ணப்பங்களில் நிலத்துக்கும் கூலிக்கும் கட்டம் உண்டு, விறகுக்குக் கிடையாது.

அடுத்து பிரிட்டன் அரசுப் பணத்தில் 'எஸ்பா' என்ற ஆய்வுத் திட்டம் 2018 வரை பல நாடுகளில் நடந்தது. காட்டைக் காத்தாலே வறுமை தானாக ஒழியும் என்பதில்லை, ஒருவர் லாபம் பெரும்பாலும் இன்னொருவர் நஷ்டமாகிறது என்று அது காட்டியது. வேலி போட்டுக் காட்டைக் காத்தால், விறகு பொறுக்கியவள் வெளியே!

இயற்கைக்கு விலைச்சீட்டு ஒட்டினால் விற்றுவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கணக்குப் படித்தவனுக்கு ஒன்று தெரியும்: ஏட்டில் ஏறாத சொத்து களவு போனால், புகார் கொடுக்கக்கூட ஆளிருக்காது.