டென்னிஸ்: மதிலுக்குள்ள பிறந்த ஆட்டம், ஆடாம விட்ட ஒரு ஃபைனல்

இந்த எபிசோட் டென்னிஸ் பத்தி. அழகர்கோவில்ல உக்காந்துக்கிட்டு உனக்கு எதுக்குடா டென்னிஸ்னு கேக்காதீங்க. அந்த ஆட்டம் எப்படிப் பிறந்துச்சுன்னு புரிஞ்சுக்க நம்ம ஊர்ப்பக்கக் கோவில்களே போதும்.

பெரிய கோவில் பிராகாரம் ஒண்ணை மனசுல கொண்டு வாங்க. நடுவுல திறந்த முற்றம், சுத்திலும் தூண் வச்ச தாழ்வாரம், வெளிய மதில். 12-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல கிறிஸ்தவ மடங்களும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்துச்சு. அங்க இருந்த துறவிகள் உள்ளங்கையால பந்தை அடிச்சு ஆடினாங்க. பந்து சுவர்ல பட்டாலும் கூரையில உருண்டாலும் ஆட்டம் தொடரும். அதனாலதான் பேரே 'உள்ளங்கை ஆட்டம்'. ராக்கெட் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. பந்தைப் போடுறவர் 'தெனே', அதாவது 'இந்தா, பிடி'ன்னு குரல் கொடுப்பார். டென்னிஸ்ங்கிற பேரு அதுல இருந்து வந்ததாத்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க.

மடத்துல இருந்து ஆட்டம் அரண்மனைக்குப் போச்சு. பிரான்ஸ் மன்னர் பத்தாம் லூயிக்கு இதுல அவ்வளவு பைத்தியம். 1316-ல ஆடி முடிச்ச சூட்டோட குளிர்ந்த ஒயினைக் குடிச்சுத்தான் இறந்தார்னு ஒரு கதையே உண்டு. மடமோ அரண்மனையோ, சுமார் 700 வருஷம் இந்த ஆட்டம் சுவருக்குள்ளயேதான் இருந்துச்சு.

வெளிய வர ஏன் அவ்வளவு காலம்? நம்ம சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ரெண்டு டிபெண்டன்சி ரெடியாகல. ஒண்ணு, சமமா வெட்டின புல்தரை. எட்வின் பட்டிங் 1830-ல புல் வெட்டுற மெஷினைக் கண்டுபிடிச்சார். இன்னொண்ணு, பந்து. முடியும் துணியும் திணிச்ச பழைய பந்து கல்தரையில எழும்பும், புல்லுல போட்டா அப்படியே படுத்துக்கும். சார்லஸ் குட்இயர் 1844-ல ரப்பரைப் பதப்படுத்துற முறைக்குக் காப்புரிமை வாங்கின பிறகுதான், புல்லுலயும் துள்ளுற ரப்பர் பந்து சாத்தியமாச்சு. ரெண்டும் சேர்ந்ததும் சிலர் ஆளுக்கொரு விதமா புல்தரை டென்னிஸை முயற்சி பண்ணாங்க. அதுல வால்டர் விங்ஃபீல்டுங்கிற ராணுவ அதிகாரி 1874-ல காப்புரிமை வாங்கி, வலை, ராக்கெட், பந்து எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு வித்தார். 1877-ல முதல் விம்பிள்டன். 22 பேர் கலந்துக்கிட்டாங்க, ஸ்பென்சர் கோர் ஜெயிச்சார்.

அந்தப் பெட்டி பிரிட்டிஷ் அதிகாரிகளோட இந்தியாவுக்கும் வந்துச்சு. ஆட்டம் சுவரை விட்டு வெளிய வந்தாச்சு, ஆனா இங்க அதுக்குப் புதுசா ஒரு வாசல் வச்சாங்க. மதராஸ் கிளப்ல சுதந்திரத்துக்கு முன்னாடி இந்தியர்களுக்கு உறுப்பினர் இடமே கிடையாது. வாசல்ல யாரை நிறுத்துறாங்கங்கிற கேள்வி மதுரைக்காரங்களுக்குப் புதுசா என்ன? வைத்தியநாத ஐயர் தலைமையில தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குள்ள போனதே 1939 ஜூலை 8-லதான்.

டென்னிஸ் வாசலையும் நம்ம ஆட்கள் தாண்டினாங்க. நம்ம வெயிலுக்குப் புல்தரை கட்டுப்படி ஆகுமா? அதனால இங்க சாணம் மெழுகின கோர்ட்டும் இருந்துச்சு, வீட்டு வாசல் மெழுகுற அதே சாணம்தான். நாகர்கோவில்ல பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே. ராமநாதன்தான் கோச். கிருஷ்ணன் 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் ஜெயிச்சார். 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி. 1961 காலிறுதியில ராய் எமர்சனையே நேர் செட்ல தோற்கடிச்சார். நாடுகள் மோதுற டேவிஸ் கோப்பையில 1966-ல இந்தியாவை முதல் தடவையா ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போனதுல பெரிய பங்கு அவரோடது. மெல்போர்ன்ல ஆஸ்திரேலியாகிட்ட 4-1-னு தோத்தோம். அந்த ஒரே வெற்றி, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஆடின இரட்டையர் ஆட்டம்.

இப்போ 1974-க்கு வருவோம். சென்னைப் பசங்க விஜய் அமிர்தராஜும் அண்ணன் ஆனந்தும் அணியில. விஜய்க்கு 20 வயசு. கல்கத்தாவுல ஆஸ்திரேலியாவை 3-2-னு ஜெயிச்சாச்சு, புனேயில சோவியத் யூனியனை 3-1. மறுபடியும் ஃபைனல்! எதிர்ல யாருன்னு பாத்தா, தென்னாப்பிரிக்கா. நிறவெறியைச் சட்டமாவே வச்சிருந்த நாடு. அமெரிக்கக் கறுப்பின வீரர் ஆர்தர் ஆஷுக்கு விசா மறுத்தது, 1970-ல டேவிஸ் கோப்பையில இருந்து வெளிய அனுப்பப்பட்டது, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டது.

இந்தியா ஆட மாட்டோம்னு சொல்லிடுச்சு. ஒரு பந்துகூட அடிக்காம கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போச்சு. அதுவரைக்கும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா தவிர யாரும் தொடாத கோப்பை அது.

முடிவு எடுத்தது அரசாங்கமும் டென்னிஸ் சங்கமும். விலை கொடுத்தது ஆடுற பசங்க. அதை மறைச்சுட்டு இதைத் தியாகக் கதையா மட்டும் சொல்றது நியாயமில்ல. 1987-ல விஜய், ஆனந்த், கிருஷ்ணனோட மகன் ரமேஷ் எல்லாரும் சேர்ந்து மறுபடி ஃபைனல் போனாங்க. ஸ்வீடன் 5-0-னு ஜெயிச்சது. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கோப்பை நமக்குக் கிடைக்கல.

ஆனாலும் அந்த முடிவு சரின்னுதான் நான் நினைக்கிறேன். துறவி, ராஜா, கிளப்னு போன ஒரு ஆட்டத்தோட வரலாறு முழுக்க யாரை உள்ள விடலாம்ங்கிறதுதான் கேள்வி. நம்ம அப்பா தாத்தாவை வாசல்ல நிறுத்தின ஆட்டத்துல, இன்னொருத்தரை வாசல்ல நிறுத்துற நாட்டோட கைகுலுக்கி ஜெயிச்சிருந்தா, அந்தக் கோப்பையை எந்த முகத்தோட தூக்கியிருப்போம்? ரெக்கார்டு புக்ல 1974-க்கு நேரா தென்னாப்பிரிக்கான்னுதான் இருக்கும். அதைப் பாக்குறப்போ, பக்கத்துல நடந்த கதையையும் சேர்த்துப் படிங்க மக்களே. அடுத்த எபிசோட்ல பாப்போம்.